நாற்பதில் முடிகிற முகவரி

மறுபடியும் அதே வரி. ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட். அதற்குக் கீழே அதே வரி, அதற்கும் கீழே அதே வரி. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மேலே ஏறிக்கொண்டே போக, அம்சவேணி அவற்றைப் படிக்கவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். படிக்க அதில் என்ன இருக்கிறது. கூப்பிட்டேன், பதில் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான். சரி, சொல்லாதே. நானும் கூப்பிடுவதை நிறுத்தப் போவதில்லை, யாருக்கு முதலில் அலுக்கிறது என்று பார்த்துவிடலாம். ஆஸ்பத்திரி லேபில் ஏ.சி. குளிர் முதலில் கால் விரல்களைத்தான் பிடிக்கும். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும் என்பது லேபைப் பார்த்துக்கொள்ளும் மேரியக்காவின் சட்டம். டைல்ஸின் சில்லிப்பு பாதம் வழியாக முழங்கால் வரை வந்துவிட்டிருந்தது. பின்னால் ரத்தம் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களைச் சுற்றும் மெஷின் கிர்ரென்று எழுந்து, ஓய்ந்து, மறுபடி எழுந்தது. மேசைமேல் செல்போன் அதிர்ந்தது. விசாலாட்சி அக்கா. காலையிலிருந்து எத்தனையாவது தடவை என்று அம்சவேணி எண்ணவில்லை. எடுக்கவும் இல்லை. எடுத்தால் என்ன வரும் என்று தெரியும். சாயங்காலம் எல்லாரும் வர்றாங்க, நல்ல சேலையாக் கட்டிக்கிட்டு இரு அம்மிணி. எல்லாரும் என்றால் அக்காவின் வீட்டுக்காரர், அவருடைய தம்பி, லோகநாதன், லோகநாதனின் பெரியப்பா. பேசி முடிக்க வருகிறார்களாம். என்னத்தைப் பேசி, என்னத்தை முடிப்பது. இரண்டு வருஷம் முன்பு அவள் தன் புருஷன் லோகநாதனின் வீட்டைவிட்டுக் கிளம்பியபோதே எல்லாம் முடிந்துவிட்டது. அந்த வீட்டில் அப்போது யாரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை, ஒரு பெட்டியும் தையல் மெஷினும்தான் பஸ் ஏறின. போன் அதிர்ந்து அதிர்ந்து மேசையில் ஒரு விரல்கடை நகர்ந்து, அடங்கியது. ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்.

விஷயம் ஒன்றும் மலையைப் புரட்டுகிற விஷயமில்லை. லேபில் ரத்தத்தைப் பரிசோதிக்கிற மெஷின்கள் இரண்டு. ஒன்று ரத்த அணுக்களை எண்ணும். இன்னொன்று சர்க்கரை, உப்பு, பொட்டாசியம் பார்க்கும். இரண்டும் கண்டுபிடித்ததை வயர் வழியாக ஒரு பழைய கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும். அதிலிருந்த பழைய மென்பொருள் அதை வாங்கி, யாருடைய ரத்தமோ அவர் பெயரோடு சேர்த்து ரிப்போர்ட் ஆக்கிவிடும். அந்தக் கம்ப்யூட்டர் போன வாரம் ஒரு காலையில் எழுந்திருக்கவே இல்லை. மென்பொருளை எழுதிய கம்பெனி எப்போதோ கடையைச் சாத்திவிட்டது, புதுக் கம்ப்யூட்டரில் அது ஓட மறுத்தது. ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் அம்சவேணி அந்த ஹார்ட் டிஸ்க்கை மட்டும் பத்திரமாகக் கழற்றி, அதிலிருந்ததை முழுசாகப் பிரதி எடுத்து, புதுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு விர்ச்சுவல் மெஷினாக எழுப்பிவிட்டாள். கம்ப்யூட்டருக்குள் ஒரு கம்ப்யூட்டர். ஒரு ஜன்னலுக்குள் பழைய திரை, பழைய படங்கள், பழைய கடிகாரம் எல்லாம் அப்படியே வந்து நின்றபோது மேரியக்கா நிஜமாகவே கைதட்டினாள். “செத்தவனை எழுப்பிட்டியே புள்ள!” எழுப்பியாயிற்று. ஆனால் எழுந்தவன் யாரோடும் பேச முடியவில்லை. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் வெளியே பேச இரண்டு வழி இருந்தது. ஒன்று, வெளிக் கம்ப்யூட்டரின் முதுகுக்குப் பின்னால் நின்று, அதன் பெயரிலேயே பேசுவது. மற்றது பிரிட்ஜ். உள்ளே இருந்தாலும் தனக்கென்று ஒரு முகவரி, மற்ற மெஷின்களோடு ஒரே வரிசையில் நின்று நேருக்கு நேர் பேச்சு. பழைய கம்ப்யூட்டரின் முகவரி நாற்பதில் முடிந்தது. அதே நாற்பதை உள்ளே இருப்பதற்குக் கொடுத்து, பிரிட்ஜைப் போட்டு, அன்றிலிருந்து அவள் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். பொட்டாசியம் மெஷின் நாற்பத்தொன்று. அணு எண்ணும் மெஷின் நாற்பத்திரண்டு. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன இரண்டும். எட்டித் தொட்டுவிடலாம். தொட்டு என்ன செய்ய.

முதல் வழியும் ஓடத்தான் செய்தது. அதுதான் இப்போது தொண்டையில் நிற்கிற முள். திங்கட்கிழமை அவள் அதையும் செய்து பார்த்தாள். வெளிக் கம்ப்யூட்டருக்கே நாற்பது என்று பெயர் வைத்து, வருவதையெல்லாம் வாங்கி உள்ளே தள்ளிவிடச் சொன்னாள். ரிப்போர்ட்டுகள் மளமளவென்று விழுந்தன. நிர்வாகி தண்டபாணி சார் வந்து எட்டிப் பார்த்து, “அப்பாடா” என்று நெஞ்சில் கைவைத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான் அவள் கவனித்தாள். பழைய மென்பொருள் எந்த மெஷின் பேசுகிறது என்பதை முகவரியை வைத்துத்தான் அடையாளம் தெரிந்துகொள்ளும். இப்போது இரண்டு மெஷின்கள் பேசுவதும் வெளிக் கம்ப்யூட்டரின் ஒரே குரலில் உள்ளே போயிற்று. யார் சொன்னது என்று அதற்குத் தெரியவில்லை. ஒரு மெஷினின் பன்னிரண்டாம் குழாய் இன்னொரு மெஷினின் பன்னிரண்டாம் குழாயோடு ஒட்டிக்கொண்டது. ஒரு குழந்தையின் அணு எண்ணிக்கை ஒரு கிழவரின் பெயரில் வந்து உட்கார்ந்தது. அச்சுக்குப் போகுமுன் பிடித்துவிட்டாள். பிடித்ததும் உள்ளங்கையெல்லாம் வேர்த்து, எல்லாவற்றையும் அணைத்தாள். அதற்குத்தான் திட்டு விழுந்தது. ஓடிக்கொண்டிருந்ததை எதற்கு அணைத்தாய்? எல்லாரும் அதையேதான் கேட்டார்கள். ஓடிக்கொண்டுதானே இருந்தது. ஓடிக்கொண்டுதானே இருந்தது. அக்காவும் அப்படித்தான் கேட்டாள், இரண்டு வருஷத்துக்கு முன்னால், வேலாயுதம்பாளையத்தில் அவள் வீட்டு அடுப்படியில் வைத்து. “நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு. அடிச்சாரா?” இல்லை. “குடிச்சாரா?” இல்லை. “வேற எங்கயாச்சும்...?” இல்லக்கா. “அப்புறம் எதுக்குடி?”

அந்த எதுக்குடிக்கு அவளிடம் பதில் இருக்கிறது, ஆனால் அதை வாயால் சொன்னால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். திருப்பூரில் அந்த வீட்டில் இருந்தவரை அவளைத் தேடுகிறவர்கள் எல்லாரும் லோகநாதனின் போனுக்குத்தான் கூப்பிடுவார்கள். அவள் போன் எண் யாரிடமும் இல்லை. ‘ரெண்டு நம்பர் எதுக்கு, என்ற நம்பர்தான் எல்லார்கிட்டயும் இருக்கே’ என்று சிரித்துக்கொண்டே சொன்னவன். கெட்ட மனுஷன் இல்லை. அதுதான் சிக்கல், கெட்டவனாக இருந்திருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போயிருப்பாள். கூப்பிடுகிறவர்களுக்கு அவனே பதில் சொல்லிவிடுவான், அன்பாக, சுருக்கமாக. அவளுக்கு உடம்பு முடியலீங்க. அவளுக்கு அதெல்லாம் பிடிக்காதுங்க. பாலிடெக்னிக்கில் கூடப் படித்த தெய்வானை கோயமுத்தூரில் ஒரு வேலை இருக்கிறது, வருகிறாயா என்று கேட்கக் கூப்பிட்டிருக்கிறாள். அவளுக்கு விருப்பமில்லீங்க என்று சொல்லியிருக்கிறான். மாதங்கள் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் தெய்வானை முகம் கொடுத்துப் பேசாமல் திரும்பிக்கொண்டபோதுதான் தெரிந்தது. அதற்குக்கூட அவள் கிளம்பவில்லை. அதே மண்டபத்தில், அதே சாயங்காலம், தட்டில் காபி கொண்டுவந்த ஒரு பெண் அவள் முன்னால் குனிந்து, “காபி எடுத்துக்குங்க” என்றாள். பக்கத்திலிருந்த லோகநாதன், “அவ குடிக்க மாட்டாம்மா” என்றான். அந்தப் பெண் நகர்ந்துவிட்டாள். காபியின் வாசனை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. நான் குடிப்பேனே என்று அவளுக்கு உள்ளே ஒரு குரல் எழுந்தது. எழுந்த குரல் வெளியே வரவில்லை. குடிப்பேனா, மாட்டேனா, எனக்கே சந்தேகமாக இருந்ததே, அதை எந்தப் பஞ்சாயத்தில் வைப்பது. தபாலில் மே/பா என்று போட்டு இன்னொருவர் பெயரை எழுதுவார்களே, அந்த மாதிரி. ச்சே. வயரையும் வாழ்க்கையையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. லோகநாதன் மென்பொருள் இல்லை. அவனை அணைத்துவிட்டுத் திரும்பப் போட முடியாது. இது வேறு, அது வேறு. வேலையைப் பார்.

வேலையைப் பார்க்காவிட்டால் இன்று மேரியக்காவின் கழுத்தில்தான் கத்தி. மெஷின் பேசாததால் இந்த நாலைந்து நாளாக அவள்தான் மெஷினின் சின்னத் திரையில் தெரிவதைப் பார்த்துப் பார்த்து ரிப்போர்ட்டில் அடித்துக்கொண்டிருந்தாள். நேற்று டயாலிசிஸுக்கு வரும் அருணாசலம் என்ற பெரியவரின் பொட்டாசியம் ஆறு புள்ளி நாலு. கைதவறி நாலு புள்ளி ஆறு என்று விழுந்துவிட்டது. நாலு புள்ளி ஆறு என்றால் அவசரமில்லை, நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிடலாம். ஆறு புள்ளி நாலை அப்படி அனுப்பினால் ராத்திரி தூக்கத்திலேயே நெஞ்சு நின்றாலும் நின்றுவிடும். பெரியவரால் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்க முடியவில்லை என்று நர்ஸுக்குச் சந்தேகம் வந்து மறுபடி ரத்தம் எடுத்ததால் பிழைத்தார். தண்டபாணி சார் வராந்தாவில் எல்லார் முன்னாலும் மேரியக்காவைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷ அனுபவம் இருந்து என்ன பிரயோஜனம், கண்ணாடியை மாத்துங்க, விளக்கம் எழுதிக் குடுங்க. மேரியக்கா அழவில்லை. வாய்க்கு மாஸ்க் போட்டிருந்தது, மாஸ்க் மட்டும் உள்ளே போய் வெளியே வந்தது. “அது அவங்க தப்பு இல்லீங்க சார். கம்ப்யூட்டரை நான்தான் இன்னும் சரி பண்ணலை” என்று அம்சவேணி நடுவில் போய் நின்றாள். “அப்ப நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சரி பண்ணுங்க. இல்லன்னா திங்கக்கிழமை ஓடுச்சே, அதையே போட்டு விடுங்க. உங்க பிடிவாதத்துக்கு எங்க பேஷன்ட்டு பலியாக முடியாது.” பிடிவாதம். சின்ன வயசிலிருந்து அந்த வார்த்தை அவளுக்கு இரண்டாவது பெயர் மாதிரி. ஒரு வேளை உண்மையாகவே அதுதானோ. நேற்று ராத்திரி முழுக்க அந்தச் சந்தேகத்தோடு புரண்டு கிடந்தாள். பிரிட்ஜ்தான் வேண்டும் என்று நான் நிற்பது நோயாளிக்காகவா, இல்லை நான் சொன்னதுதான் நடக்க வேண்டும் என்பதற்காகவா. ஆறு புள்ளி நாலு. நாலு புள்ளி ஆறு. அந்தப் பெரியவரின் மகள் நேற்று வராந்தாவில் தரையில் உட்கார்ந்து முந்தானையால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, இருந்தாலும் விசிறினாள்.

இன்று காலையில் வந்ததும் முதலில் தன் மடத்தனம் ஒன்றைக் கண்டுபிடித்தாள். எந்த வயரோடு பாலம் போட வேண்டும் என்பதை மென்பொருளையே முடிவு செய்ய விட்டிருந்தாள். அது வயரை விட்டுவிட்டு, யாரும் பயன்படுத்தாத வைஃபையோடு பாலம் போட்டு வைத்திருந்தது. இத்தனை நாளும் ஆளில்லாத தெருவில் நின்று கூவிக்கொண்டிருந்திருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டு வயருக்கு மாற்றினாள். இதோ வரப்போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட். பழைய விண்டோஸின் ஃபயர்வாலை அணைத்தாள். இல்லை. வயரை மாற்றினாள். இல்லை. பிறகு வயரில் போவதையும் வருவதையும் பிடித்துக் காட்டும் மென்பொருளைத் திறந்தாள். அதில் அவளுடைய நாற்பது கேட்கும் கேள்வி வரிவரியாக ஓடியது. நாற்பத்தொன்று என்ற முகவரி யாருடையது? நாற்பதுக்குச் சொல்லவும். நாற்பத்தொன்று என்ற முகவரி யாருடையது? நாற்பதுக்குச் சொல்லவும். எவ்வளவு மரியாதையான கேள்வி. ஊருக்கே கேட்கும்படி கேட்கிற கேள்வி, இந்த வலையில் இருக்கும் ஒவ்வொரு மெஷினின் காதிலும் விழுந்தே ஆக வேண்டும். பதில் தெரியாவிட்டாலும் காதில் விழ வேண்டும். விழுந்ததா? அந்த ‘விழுந்ததா’வில் அவள் நின்றாள். இதுவரை கேட்கிறவன் பக்கத்திலிருந்துதான் பார்த்திருக்கிறாள், கேட்க வேண்டியவன் பக்கம் போய் ஒரு தடவையாவது நின்று பார்த்தோமா. “மேரியக்கா, உங்க லேப்டாப்பைக் கொஞ்சம் குடுங்க.” மேரியக்கா ரிப்போர்ட் அடிக்கும் லேப்டாப் அதே வலையில்தான் இருந்தது. அதில் அதே மென்பொருளைத் திறந்து, இந்தப் பக்கம் கேள்வியை ஓட விட்டு, அந்தப் பக்கம் போய்க் காது கொடுத்தாள். பிரிண்டர் பேசுவது கேட்டது. வெளிக் கம்ப்யூட்டர் பேசுவது கேட்டது. நாற்பது பேசுவது மட்டும் கேட்கவில்லை. இங்கே வாயைத் திறந்து கத்துகிறது, அங்கே ஒரு எழுத்துகூட வந்து சேரவில்லை. நடுவில் இருப்பது ஒன்றே ஒன்றுதான், எல்லா வயர்களும் போய்ச் சேரும் ஸ்விட்ச். வராந்தா சுவரில் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டிக்குள் இருப்பது. ஒரே வயரில் வரும் இரண்டு குரலில் ஒன்றை விட்டுவிட்டு, மற்றதன் வாயை யாரோ நடுவில் நின்று பொத்துகிறார்கள். அம்சவேணிக்குக் காதோரம் சூடேறியது. குளிர் காலில் இருந்தது, சூடு காதில் இருந்தது, இரண்டுக்கும் நடுவில் பசி.

ஆஸ்பத்திரியின் வயர்களையும் ஸ்விட்சையும் பார்த்துக்கொள்வது ஈரோட்டிலிருந்து வரும் ஒரு கான்ட்ராக்ட் ஆள், சுதாகர். போனில் அவன் குரல் எப்போதும் பஸ்ஸில் நின்றுகொண்டு பேசுவது மாதிரி இருக்கும்.

“ஏனுங்க சுதாகர், லேபு வயருல ஒரு மெஷினுக்கு மேல பேசினா ஸ்விட்ச் தடுக்குதா?”

“ஆமாங்க மேடம். ஒரு வயருக்கு ஒரு மெஷின்தாங்க. எப்பவும் அப்படித்தாங்க போடுவோம். வெளியாளு யாராச்சும் வந்து எதையாச்சும் சொருகிட்டா?”

“இத்தனை நாளா ஸ்விட்சுல ஒண்ணுமே இல்லைன்னு சொன்னீங்களே?”

“நீங்க ஸ்விட்சு ரிப்பேரான்னு கேட்டீங்க. ரிப்பேர் இல்லீங்களே.”

அம்சவேணி கண்ணை மூடிக்கொண்டாள். இவன்மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது. கேள்வியைச் சரியாகக் கேட்டால்தான் இந்த ஊரில் பதில். “சரிங்க. லேபு வயருக்கு மட்டும் அதை எடுத்து விடுங்க. இப்பவே.”

“அது எங்க மேனேஜர் சொல்லணுங்க மேடம். அவரு மைசூர் போயிருக்காருங்க, அடுத்த வாரந்தான் வருவாரு. நீங்க அந்த வெளிக் கம்ப்யூட்டர் பேருலயே அனுப்பிடுங்களேன், அது ஓடுமே.”

ஓடுமே. இவனும். அவள் போனை வைத்தாள். வைத்த உடனே அது மறுபடி அதிர்ந்தது, அக்கா. அதையும் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள். ஏன் எல்லாரும் ஒரே வாசலைக் காட்டுகிறார்கள். அந்த வாசலில் தலையைக் குனிந்தால் போதும், எல்லாருக்கும் நல்ல பெண் ஆகிவிடலாம், மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிடலாம், சாயங்காலம் நல்ல சேலையாகக் கட்டிக்கொள்ளலாம். பயமாகத்தான் இருந்தது. இல்லை என்று யாரிடம் நடிப்பது. கரூரில் அவள் இருக்கும் மாடி வீட்டில் ராத்திரி படிக்கட்டில் காலடி கேட்டால் மூச்சு ஒரு கணம் நிற்கும். காய்ச்சல் வந்தால் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. இந்த வேலையும் போனால் அந்த வீட்டிலும் இருக்க முடியாது. அப்புறம் வேலாயுதம்பாளையம், அக்காவின் அடுப்படி, மறுபடி அந்த எதுக்குடி. எல்லாம் தெரிந்துதான் இருந்தது. இருந்தும் அந்தப் பன்னிரண்டாம் குழாய் கண்ணை விட்டுப் போகவில்லை. ஒரு குழந்தையின் ரத்தம் ஒரு கிழவரின் பெயரில். இரண்டு பேர் பேசியதை ஒருவன் பேசியதாக எழுதி வைப்பது. அது தப்பு. பிடிவாதமோ என்னவோ, தப்பு தப்புதான். பிடிவாதம் பிடித்தவள் சொன்னாள் என்பதற்காக அது சரியாகிவிடாது.

கதவு திறந்தது. தண்டபாணி சார், கையில் மூக்குக்கண்ணாடி, முகத்தில் தூக்கமில்லாத வீக்கம். அவரும் பாவம்தான், மேலே இருக்கும் டாக்டர்கள் இவரைத்தான் பிடித்து உலுக்குவார்கள். “என்னம்மா ஆச்சு?” அவள் சொன்னாள். ஸ்விட்ச் தடுக்கிறது, ஒரு வயருக்கு ஒரு மெஷின் என்று பூட்டி வைத்திருக்கிறார்கள், எடுக்க அடுத்த வாரம் ஆகுமாம். அவர் பாதிதான் கேட்டார். “சரி, அடுத்த வாரம் வரைக்கும் திங்கக்கிழமை பண்ணினதைப் போட்டு விடுங்க.”

“முடியாதுங்க சார்.”

அது வாயிலிருந்து வந்த பிறகுதான் அவளுக்கே கேட்டது. அவ்வளவு சின்ன வார்த்தை, குரல்கூட உயரவில்லை. பின்னால் சுற்றிக்கொண்டிருந்த மெஷின் அந்த நேரம் பார்த்து ஓய்ந்தது. மேரியக்கா குழாயைக் கையில் பிடித்தபடி திரும்பினாள்.

“முடியாதுன்னா?”

“ரெண்டு மெஷினும் ஒரே பேருல போகும் சார். ஒருத்தர் ரிப்போர்ட்டு இன்னொருத்தருக்கு விழும். நேத்து ஒரு நம்பர் மாறினதுக்கே மேரியக்காகிட்ட விளக்கம் கேட்டீங்க. ஆளே மாறினா யாருகிட்டக் கேப்பீங்க?”

“எது கேட்டாலும் முடியாதுங்கறீங்க. அப்ப என்னதான் வழி? அதைச் சொல்லுங்க.”

என்னதான் வழி. அவர் கோபத்தில்தான் கேட்டார், ஆனால் அது நல்ல கேள்வி. அந்த ஸ்விட்ச் ஏன் நடுவில் இருக்க வேண்டும்? பொட்டாசியம் மெஷினுக்கும் இந்தக் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. இந்த ஒரு முழத்தைக் கடக்க எதற்கு வராந்தா வரை போய், பூட்டிய பெட்டிக்குள் நுழைந்து, அனுமதி கேட்டு, திரும்பி வர வேண்டும்? யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. வயர் போட்டவன் அப்படிப் போட்டான், அவ்வளவுதான். அம்சவேணி எழுந்தாள். அலமாரியின் அடித்தட்டில், காலாவதியான டெஸ்ட் கிட் அட்டைப்பெட்டிகளுக்குக் கீழே, சுதாகரின் கம்பெனி வருவதற்கு முன்னால் ஓடிய பழைய தகர ஸ்விட்ச் பெட்டி கிடந்தது. பாஸ்வேர்டும் கிடையாது, பாலிசியும் கிடையாது, வந்ததை எல்லாருக்கும் சேர்க்கும், அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். புடவைத் தலைப்பால் தூசியைத் துடைத்து மேசைமேல் வைத்து, கரன்ட் வயரைச் சொருகினாள். உயிர் இருந்தது, ஒரு பச்சை விளக்கு எரிந்தது. குனிந்து மேசைக்கடியில் போய், பொட்டாசியம் மெஷினின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். “ஏம்மா, ஏம்மா...” என்றார் தண்டபாணி சார். அணு எண்ணும் மெஷினின் வயரையும் பிடுங்கினாள். கம்ப்யூட்டரின் வயர். மூன்றையும் தகரப் பெட்டியில் குத்தினாள். பெட்டியிலிருந்து சுவருக்கு ஒரே ஒரு வயர், வெளிக் கம்ப்யூட்டர் தன் பெயரில் ஆஸ்பத்திரியோடு பேசிக்கொள்ளட்டும், அதற்குத்தான் அனுமதி இருக்கிறதே. மேசைக்கடியில் தூசி மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. தும்மிக்கொண்டே அங்கிருந்து எழுந்தபோது தலை மேசை விளிம்பில் இடித்தது. நன்றாகவே இடித்தது. தடவிக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

பதில் வந்திருந்தது. நாற்பத்தொன்றிலிருந்து பதில். நாற்பத்திரண்டைக் கூப்பிட்டாள். நாற்பத்திரண்டிலிருந்து பதில். மேரியக்காவைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். மேரியக்கா கையிலிருந்த குழாயை மெஷினுக்குள் வைத்துக் கதவை மூடினாள். மூவரும் நின்றார்கள். மெஷின் முனகியது, உறிஞ்சியது, யோசித்தது. பழைய திரையில் ஒரு வரி வந்து உட்கார்ந்தது, சரியான பெயர், சரியான மெஷின், மூன்று புள்ளி ஒன்பது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு மெஷினிலிருந்து இன்னொன்று, அதன் இடத்தில். மேரியக்கா மெஷினின் சின்னத் திரையையும் ரிப்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள், அவசரப்படவில்லை. மாஸ்க்கை மோவாய்க்கு இறக்கிவிட்டு நிமிர்ந்தாள். “சார், விளக்கம் எழுதச் சொன்னீங்கல்ல. இதைத்தான் எழுதப்போறேன்.”

தண்டபாணி சார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தகரப் பெட்டியைப் பார்த்தார். “இதுக்கு அந்தக் கம்பெனிக்காரன் குதிப்பானே. யாரைக் கேட்டு வயரைப் பிடுங்கினீங்க?”

“யாரையும் கேக்கலீங்க சார்.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் டயாலிசிஸ் வார்டிலிருந்து யாரோ கதவை இடித்து, ரிப்போர்ட் ரெடியா என்று கேட்டார்கள். “ரெடி” என்றாள் மேரியக்கா. தண்டபாணி சார் அவளையும் அம்சவேணியையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, “எதுக்கும் எழுத்துல ஒண்ணு குடுத்துடுங்க” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. வேண்டாம், இரண்டுமே வேண்டாம்.

போன் மறுபடி அதிர்ந்தது. இந்தத் தடவை எடுத்தாள். தலை இடித்த இடத்தில் இன்னும் விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. அக்காவின் எண், ஆனால் வந்தது லோகநாதனின் குரல். எதிர்பார்த்திருக்க வேண்டும். “அம்சா, நாந்தான். எல்லாரும் உங்கக்கா வீட்டுக்கு வந்தாச்சு. உங்கக்காவுக்கும் நீ திரும்பி வந்துட்டாத்தான் நிம்மதி. காலையிலிருந்து அழுதுட்டு இருக்காங்க.” நிதானமான, அன்பான குரல். அதே குரல்.

“போனை அக்காகிட்டக் குடுங்க.”

“அவங்க பேசற நிலைமையில இல்ல. நாஞ் சொல்றேன்ல...”

“நீங்க சொல்ல வேண்டாம். அக்கா சொல்லட்டும். போனை அவகிட்டக் குடுங்க.”

அந்தப் பக்கம் குசுகுசுவென்று என்னவோ கேட்டது. மாமா, அக்காவின் வீட்டுக்காரர், என்னவோ சொன்னார். அம்சவேணி காத்திருந்தாள். இந்த நாலைந்து நாளில் காத்திருக்க நன்றாகவே பழகியிருந்தது. கடைசியில் வளையல் சத்தமும் அக்காவின் மூச்சும் வந்தன. “சொல்லு அம்மிணி.”

“பக்கத்துல யாரு இருக்கா?”

“எல்லாரும்.”

“அடுப்படிக்குப் போ. கதவைச் சாத்திக்க.”

நடை கேட்டது. தாழ்ப்பாள் கேட்டது. குக்கர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது கேட்டது. “போயிட்டேன்.”

“இப்பச் சொல்லுக்கா. மாமா என்ன நினைக்கறாருன்னு வேண்டாம். திருப்பூர்க்காரரு என்ன நினைக்கறாருன்னும் வேண்டாம். நீ என்ன நினைக்கறே?”

இருபத்தைந்து வருஷமாக அந்த அடுப்படியில் நிற்கிறவள், அவளிடம் இதுவரை யாராவது இப்படிக் கேட்டிருப்பார்களா, நானே கேட்டேனா? வெட்கமாக இருந்தது அம்சவேணிக்கு. குக்கர் ஒரு விசில் விட்டு ஓய்ந்தது. அது ஓய்வதற்காகவே காத்திருந்தவள் மாதிரி அக்கா குரலைத் தணித்துக்கொண்டாள்.

“வராத அம்சா.”

“அக்கா...”

“சாயங்காலம் நாங்க வருவோம். நானும் வருவேன். எல்லாரு முன்னாடியும் உன்னை நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி திட்டுவேன். அழுவேன். காலைப் புடிச்சுக் கூப்பிட்டாலும் கூப்பிடுவேன். நீ எதையும் காதுல வாங்கிக்காத. எங்ககூடக் கிளம்பி வந்துடாத.”

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. அடுத்த வார்த்தை, கூடத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, உரக்க வந்தது. “சரி சரி, சாயங்காலம் நேர்ல வந்து பேசிக்கறேன் உன்னை!”